வசனம் புரியும்படி ஒரு ஹோம் தியேட்டர், கையிலிருக்கும் பணத்துக்குள்

“இப்ப என்னப்பா சொன்னான்?” படம் ஓடும்போது அம்மா இப்படிக் கேட்காத நாள் இல்லை. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவேன். அடுத்த காட்சியில் ஒரு வண்டி வெடிக்கும், ஜன்னல் அதிரும், அவசரமாகக் குறைப்பேன். மறுபடி யாராவது தாழ்ந்த குரலில் பேசுவார்கள், மறுபடி அதே கேள்வி. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் டிவியைத் துடைக்க இறக்கியபோதுதான் அதன் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அடிவிளிம்பில், தரையைப் பார்த்தபடி, சின்னச் சின்னத் துளைகளாக இரண்டு வரிசை. நடிகரின் முகம் எங்களைப் பார்க்கிறது, குரல் தரையோடு பேசுகிறது. இதில் அம்மாவின் காதைக் குறை சொல்லி என்ன பயன்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு தவறான பொருளையும் வாங்கினேன், அதையும் சொல்கிறேன். பணம் அளவாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: எதை வாங்கினாலும் “வசனம் தெளிவாகுமா?” என்று முதலில் கேளுங்கள். குண்டு வெடிப்பதும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறப்பதும் அடுத்த வருடம் வந்துகொள்ளட்டும்.

பொருள் வாங்குவதற்கு முன்னால் அறை

இஞ்ச் டேப்பை எடுத்து அறையின் நீளம், அகலம், நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவிக்கு உள்ள தூரம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் அறை 4.2 மீட்டருக்கு 3.6 மீட்டர். உட்காரும் தூரம் 2.5 மீட்டர். கடைக்காரர் எதைக் காட்டினாலும் இந்த எண்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம் நடு அறையில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டியதும் ‘சிர்ர்’ என்று ஒரு சின்ன அதிர்வு தொடர்ந்து வந்தால், சத்தம் இரண்டு வெறும் சுவர்களுக்கு நடுவே பந்து மாதிரி போய்ப் போய்த் திரும்புகிறது என்று அர்த்தம். இந்த அறையில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வைத்தாலும் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும். தரையில் ஒரு தடித்த விரிப்பு, ஜன்னலுக்குக் கனமான திரை, பக்கச் சுவரில் புத்தகம் நிறைந்த ஒரு அலமாரி, இவை போதும். நான் வேறு அறையில் கிடந்த விரிப்பைக் கொண்டுவந்து டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் போட்டேன். ஒரு பைசா செலவில்லை. மறுபடி தட்டிப் பார்த்தபோது அந்தச் ‘சிர்ர்’ பாதியாகக் குறைந்திருந்தது. எந்த ரிசீவரும் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுத்து இயக்கும் பெட்டி) இதைச் செய்து தராது.

டிவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4கே டிவிக்கு எளிய கணக்கு: உட்காரும் தூரத்தை 1.6 ஆல் வகுத்தால் திரையின் மூலைவிட்டம் வரும். 2.5 மீட்டருக்கு 156 செ.மீ., அதாவது ஏறக்குறைய 61 அங்குலம். 55 வாங்கினாலும் குறையில்லை, 65 வாங்கினாலும் உறுத்தாது. இருக்கிற டிவி ஓரளவு சரியாக இருந்தால் மாற்றாதீர்கள், அந்தப் பணம் சத்தத்துக்குப் போகட்டும். புரொஜெக்டர் ஆசை இருந்தால், பகலில் அறையை இருட்டாக்க முடியுமா என்று பாருங்கள். திரையில் காட்டக்கூடிய கறுப்பு, விளக்கை அணைத்தபின் அந்தத் திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அவ்வளவுதான். மலிவான புரொஜெக்டர்களின் பெட்டியில் ‘4கே சப்போர்ட்’ என்று போட்டிருப்பார்கள். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்குப் பொருள். வெளியே எத்தனை புள்ளிகளில் காட்டும் என்பதை ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரியில் தேடுங்கள்.

நான் முதலில் வாங்கிய பெட்டி

ஒரே பெட்டியில் ஐந்து குட்டி ஸ்பீக்கர், கீழ்ச்சத்தத்துக்கென்றே ஒரு சப்வூஃபர் (சுருக்கமாக சப்), ஒரு பிளேயர். எல்லாம் சேர்ந்து வருகிறதே, ஒயர் கூட உள்ளேயே இருக்கிறதே என்று வாங்கிவிட்டேன். முதல் நாள் சத்தம் பிரமாதமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் அம்மா கேட்டார்: “குரல் ஏன் சோபா பக்கத்திலேர்ந்து வருது?”

சரியான கேள்வி. காரணம் புரிய எனக்குச் சில வாரம் ஆனது. அந்தக் குட்டி ஸ்பீக்கருக்குள் இருந்தது 3 அங்குலக் கூம்பு. அவ்வளவு சின்னக் கூம்பால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே (ஹெர்ட்ஸ் குறையக் குறைய சத்தம் தாழ்ந்து கனமாகும்) ஒழுங்காகப் பாட முடியாது. அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபரிடம் தள்ளிவிடுவார்கள். ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. ஆக, நாயகன் பேசும்போது அவர் குரலின் நெஞ்சுப் பகுதி மூலையில் இருக்கும் சப்பிலிருந்தும், மூக்குப் பகுதி டிவிக்குக் கீழிருந்தும் வருகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கத் திணறும். அதற்கு மேலே போகப் போகச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். அம்மாவின் காது கண்டுபிடித்துவிட்டது.

அதைவிடப் பெரிய சங்கடம் பின்னால் வந்தது. ஒன்றரை வருடத்தில் பிளேயர் கெட்டுப்போனது. அந்த ஸ்பீக்கர்களின் பிளக் வேறு எதிலும் பொருந்தாத தனி வகை. மின்தடையைச் சொல்லும் ஓம் அளவும் குறைவு, 3 ஓம். சாதாரண ரிசீவர்களில் மாட்டக்கூடாது. ஒரு பொருள் கெட்டதற்கு ஆறு பொருளும் போயின. அதனால்தான் சொல்கிறேன்: தனித்தனியாக வாங்குங்கள், மெதுவாக வாங்குங்கள். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

அறையில் இடமே இல்லை, ஒயர் ஓட்ட முடியாது, வாடகை வீடு, ஆணி அடிக்கக்கூடாது என்கிறவர்கள் சவுண்ட்பார் வாங்குவதில் தவறில்லை. வசனத்துக்கென்று நடுவில் தனி சென்டர் சானல் உள்ள 3.1 வகையாக (முன்னால் மூன்று சானல், ஒரு சப்) பார்த்து வாங்குங்கள்.

முன்னால் இருக்கும் மூன்று ஸ்பீக்கர்

சத்தத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் பத்துப் பங்காக வைத்தால், முன் ஸ்பீக்கர்களுக்கு நான்கு, சப்புக்கு மூன்று, ரிசீவருக்கு இரண்டரை, ஒயருக்கும் ஸ்டாண்டுக்கும் அரை. இது என் கணக்கு. பலர் ரிசீவரில்தான் பாதியைக் கொட்டுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும். ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. வகை நான்கைந்து வருடத்தில் பழையதாகிவிடும்.

ஐந்து அல்லது ஆறு அங்குல வூஃபர் (தாழ்ந்த சத்தம் தரும் கூம்பு) உள்ள, அலமாரியில் அடங்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடியிலிருந்து தொடங்குங்கள். ஆளுயர டவர் ஸ்பீக்கர் பார்க்க அழகுதான். ஆனால் அதே விலைக்கு டவரில் மரப்பெட்டிக்குப் போகும் பணம், புக்‌ஷெல்ஃபில் உள்ளே இருக்கும் கூம்புக்கும், மெல்லிய உயர்ந்த சத்தம் தரும் ட்வீட்டருக்கும் போகும். கீழ்ச்சத்தத்தைச் சப் பார்த்துக்கொள்ளும் என்பதால் டவரின் பெரிய வயிறு உங்களுக்குத் தேவையும் இல்லை.

ஒரே ஒருவர் நடுவில் உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் அந்த ஜோடியே முதல் வருடத்துக்குப் போதும். ரிசீவரில் ‘சென்டர் இல்லை’ என்று சொல்லிவிட்டால் வசனத்தை இரண்டுக்கும் சமமாகப் பிரித்து அனுப்பும், நேர் நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும். இரண்டு மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்தால் இந்த வித்தை செல்லாது. ஓரத்தில் இருக்கிறவருக்கு எல்லாக் குரலும் பக்கத்து ஸ்பீக்கருக்கு ஓடிவிடும். அங்கேதான் சென்டர் ஸ்பீக்கர் வேண்டும். சினிமா வசனத்தின் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சென்டர்கள் படுத்த நிலையில், நடுவில் ட்வீட்டரும் இரு பக்கமும் வூஃபருமாக இருக்கும். நேர் எதிரே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும். பக்கவாட்டில் நகர்ந்தால், இரண்டு வூஃபரிலிருந்தும் வரும் சத்தம் காதுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து, சில அதிர்வெண்களை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதுவும் குரலின் நடுப்பகுதியிலேயே. அம்மாவின் நாற்காலி ஓரத்தில் இருந்ததால் இது எங்களுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. கடையில் கேட்கும்போது எழுந்து பக்கவாட்டில் மெதுவாக நடந்து பாருங்கள். குரல் ஒரு இடத்தில் உள்ளே போய்த் திரும்பி வந்தால் அது உங்களுக்கு வேண்டாம். டிவிக்குக் கீழே உயரம் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது: இடது வலதுக்கு வாங்கிய அதே புக்‌ஷெல்ஃபில் இன்னொரு ஜோடி வாங்கி, ஒன்றை நடுவில் நிற்க வைப்பது. நான் அப்படித்தான் செய்தேன். மூன்றும் ஒரே குரலில் பேசும், ஒரு கார் இடமிருந்து வலம் போனால் நடுவில் நிறம் மாறாது. மிச்சமிருக்கும் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் மூன்றாவது ஜோடி வாங்கினால் ஐந்தும் ஒன்றே, ஒன்று உதிரி.

சென்டரை அலமாரியின் உள்ளே தள்ளி வைக்காதீர்கள். முன்விளிம்பு வரை இழுத்து, ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்து வையுங்கள். அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்தாலே போதும்.

வாட்ஸ்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். அதை எப்படி அளப்பது என்பதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. ரிசீவரின் விவரத்தாளில் ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல் ஒரே நேரத்தில்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உள்ள எண்தான் உண்மைக்குப் பக்கம். ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சானல், 10% டிஸ்டார்ஷன்’ என்ற நிபந்தனையில் அதே கருவி இரண்டு மடங்கு எண்ணைக் காட்டும்.

அந்த உண்மையான எண் 50 இருந்தாலே சின்ன அறைக்கு நிறைவு. கணக்கு இதோ. ஸ்பீக்கரின் பின்னால் ‘சென்சிடிவிட்டி’ என்று ஒரு எண் இருக்கும், 87 டெசிபல் என்று வையுங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 77, 78. வீட்டில் வசனம் 65 டெசிபலுக்குப் பக்கத்தில் இருந்தாலே தாராளம். அதாவது பேச்சுக்கு ஒரு வாட் கூட முழுதாகச் செலவாவதில்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 90 டெசிபல் ஸ்பீக்கரில் 25 வாட்ஸ் செய்யும் வேலைக்கு 84 டெசிபல் ஸ்பீக்கரில் 100 வாட்ஸ் வேண்டும். அதனால் பெரிய ரிசீவர் தேடுவதைவிட, சென்சிடிவிட்டி நல்ல ஸ்பீக்கர் தேடுவது லாபம்.

ரிசீவரில் எதைப் பார்க்க வேண்டும்

மைக்கோடு வரும் அறை அளவீட்டு வசதி, எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவியின் சத்தத்தை எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி), சப்வூஃபருக்குத் தனி அவுட். இவை மூன்றும் இருந்தால் 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) போதும். 7 சானல், 9 சானலுக்கெல்லாம் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஏ.ஆர்.சி.யா, இ-ஏ.ஆர்.சி.யா என்று குழம்புகிறவர்கள் அதிகம். டிவியிலேயே இருக்கும் ஆப்களில் படம் பார்க்கிறவர்களுக்குச் சாதாரண ஏ.ஆர்.சி. போதும். ஸ்ட்ரீமிங்கில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ், அதில் ஏறி வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கும் ஒலி) உட்பட, அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிடும். புளூ-ரே வட்டில் இருக்கும் டால்பி ட்ரூஎச்.டி. போன்ற சுருக்கத்தில் எதுவும் இழக்காத ஒலியை டிவி வழியாக அனுப்ப வேண்டுமானால்தான் இ-ஏ.ஆர்.சி. தேவை. பழைய ஆப்டிகல் கேபிளில் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும். கையில் இருக்கும் பழைய ரிசீவரில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் கவலைப்படாதீர்கள், அதிலும் சென்டர் தனியாகத்தான் வரும், வசனம் பிழைத்துக்கொள்ளும். எது மாட்டினாலும் டிவியின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்று இருந்தால் அதை ‘ஆட்டோ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். ஏ.ஆர்.சி.யில் பி.சி.எம். என்றால் இரண்டு சானல் மட்டும்தான் வரும். ஐந்து ஸ்பீக்கர் மாட்டி, மாதக்கணக்கில் இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் ரிசீவர் செகண்ட் ஹேண்ட். 4கே படத்தை அது கடத்தாது. படம் டிவியிலேயே உருவாகி, சத்தம் மட்டும் ஏ.ஆர்.சி. வழியாகத் திரும்பி வருவதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பழையது வாங்கப் போகும்போது எச்.டி.எம்.ஐ. துளை ஒவ்வொன்றிலும் செருகிப் பாருங்கள், முதலில் சாவது அதுதான். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்று கேளுங்கள். ஸ்பீக்கர் என்றால் முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஃபோம் என்றால் காலப்போக்கில் பொடிந்து உதிரும், விரலால் தொட்டாலே தெரியும். பிறகு இரண்டு கை விரல்களையும் கூம்பின் மேல் சமமாக வைத்து, பூவைத் தொடுவது போல உள்ளே அழுத்துங்கள். உரசல் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் தேய்கிறது, அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சப்வூஃபர்

என் அறை அளவுக்கு 10 அங்குலம் சரியாக இருந்தது. 30 ஹெர்ட்ஸ் வரையாவது இறங்குகிறதா என்று விவரத்தாளில் பாருங்கள். இடம் பிடிப்பதுதான் பெரிய வேலை. சப்பைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே வையுங்கள். கீழ்ச்சத்தம் ஏறி இறங்கி வரும் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாக, காது தரைக்குப் பக்கத்தில் வரும்படி தவழ்ந்து போங்கள். ஒரு இடத்தில் ‘பம்’ என்று ஊதிக் கேட்கும், இரண்டடி தள்ளி ஒன்றுமே இருக்காது. எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிற இடம் ஒன்று கிடைக்கும். அங்கே சப்பை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்பலாம். என் அறையில் அந்த இடம், நான் நினைத்துக்கூடப் பார்க்காத, ஜன்னலுக்குக் கீழே இருந்தது.

சப்பின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் பாட வேண்டும் என்று பிரிப்பது) அதிகபட்ச எண் வரை திருப்பிவிடுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் செய்யட்டும்.

ஒயர்

சுத்தமான செம்பு, 1.5 சதுர மி.மீ. தடிமன். ஐந்தாறு மீட்டர் ஓட்டத்துக்கு இது போதும், அதற்கு மேல் என்றால் 2.5. ‘சி.சி.ஏ.’ என்று போட்டிருந்தால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அதில் மின்தடை அதிகம், தடிமனை ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். தங்க முலாம், பட்டு உறை எதற்கும் பணம் தராதீர்கள்.

மாட்டும்போது மட்டும் நிதானம் வேண்டும். ஒருமுறை ரிசீவரைப் போட்டதும் ‘டிக்’ என்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி ‘டிக்’. டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தால், சிவப்பு முனையில் செருகிய ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை, தலைமுடி அளவுக்கு, பிரிந்து வளைந்து கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்ல ரிசீவர் என்பதால் தன்னைத்தானே காத்துக்கொண்டது. உறையை ஒரு செ.மீ. மட்டும் உரித்து, இழைகளை இறுக முறுக்கி, ரிசீவரின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு மாட்டுங்கள். எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றில் மாறிப்போனாலும் குரல் மெலிந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அலையும்.

அளவீடு

மின்விசிறியை அணையுங்கள். ரிசீவரோடு வந்த அளவீட்டு மைக்கைச் சோபாவின் முதுகில் சாய்த்து வைக்காமல், ஒரு ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். சோதனைச் சத்தம் முடியும் வரை யாரும் நடக்கவேண்டாம். முடிந்ததும் ரிசீவர் எழுதியிருப்பதைப் போய்ப் பாருங்கள். ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி (அப்போதுதான் கீழ்ச்சத்தம் சப்புக்குப் போகும்), கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்பின் தூரம் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டினால் தொடாதீர்கள், சப்பின் உள்ளே சத்தம் தாமதமாவதையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. உதடும் குரலும் ஒட்டவில்லை என்றால் ‘ஆடியோ டிலே’யில் சரி செய்யலாம். இரவில் ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்ற அமைப்பைப் போட்டுப் பாருங்கள். வெடிச்சத்தம் அடங்கும், முணுமுணுப்பு மேலே வரும். வயதானவர் இருக்கும் வீட்டில் இது பெரிய உதவி.

பின் ஸ்பீக்கர்களை நான் கடைசியாகத்தான் வாங்கினேன். உட்காருபவருக்குப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்னே, நேர் முன்னிலிருந்து எண்ணினால் 110 டிகிரி அளவில், காதுக்கு ஓரடி மேலே. கூரைக்கு ஸ்பீக்கர் இன்னும் வாங்கவில்லை, இப்போதைக்கு எண்ணமும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் தூரம், அளவு, கிராஸ்ஓவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ரிசீவரின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். என்றைக்காவது ரீசெட் ஆனால் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். என் தாளில் சென்டருக்கு நேரே முதலில் +2 டெசிபல் என்று எழுதியிருந்தேன். அம்மா ஒரு வாரம் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். அதை அடித்துவிட்டு 2.5 என்று எழுதியிருக்கிறேன்.